கங்கை நீரும் ஏரிக்கரையும்
(தமிழ் தலைவாஸ் கபடி அணியைப் பற்றி ஒரு சுவைஞர் கொண்ட கருத்துகள்: பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதையைப் பற்றியும் காப்பியத்தைப் பற்றியும் உரைகள் நிகழ்ந்த மேடையில் கபடியைப் பற்றி ஓர் உரை எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. அதற்குரிய விடை தமிழ்நாட்டு ஊர்ப்புறப் பேச்சிலேயே இருக்கிறது. எதிரணியின் களத்துக்குள் ஒருவன் நுழைவதை ஊரார் 'பாடிப் போகிறான்' என்றே சொல்வர். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு, பாட்டு அறுவதற்குள் எதிரியைத் தொட்டுத் தன் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் வெளியேற வேண்டும். மூச்சையும் பாட்டையும் ஒன்றாகக் கட்டிய விளையாட்டு இதுபோல் வேறொன்று உண்டா என்பது ஐயம். கவிதைக்குச் சுவைஞன் எப்படியோ, சடுகுடுவுக்கும் சுவைஞன் அப்படியே. கைதட்டுவதோடு அவன் பணி முடிவதில்லை. எது சரி, எது பிழை என்று எடுத்துச் சொல்வதும் அவன் கடமை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அத்தகைய சுவைஞர் ஒருவர் வாழ்கிறார். தம் பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். இளமையில் ஊர் அணிக்கு இடது மூலை காத்தவர். இப்போது முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு, மாலையில் பிள்ளைகள் ஆடும் களத்தின் ஓரம் வந்து நிற்பவர். 2017ஆம் ஆண்டிலிருந்து தமிழ் தலைவாஸ் அணியின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் தவறாமல் பார்த்து வருகிறார். அணித் தேர்வு, பயிற்சி, ஆட்டத் திறன் ஆகியவை பற்றி அவர் கொண்ட கருத்துகளைத் தொகுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் நான்கு பருவங்களில் தமிழகத்துக்கென்று ஓர் அணி இல்லை. 2017இல், ஐந்தாம் பருவத்தில், நான்கு புதிய அணிகள் சேர்க்கப்பட்டபோது சென்னையைத் தலமாகக் கொண்டு தமிழ் தலைவாஸ் பிறந்தது. மற்ற அணிகள் பல நகரத்தின் பெயரையோ மாநிலத்தின் பெயரையோ தாங்கியிருக்க, இந்த அணி மொழியின் பெயரையே தாங்கியது. அன்று அரியலூர் மாவட்டத்தின் சிற்றூர்களிலும் மகிழ்ச்சி பொங்கியது. இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர் அணித் தலைவரானார். 2016ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானை வீழ்த்தியதில் பெரும்பங்கு வகித்தவர் அவர். முதல் பருவத்தில் ஜெய்ப்பூர் அணியைக் கோப்பை வெல்லச் செய்த கே. பாஸ்கரன் பயிற்சியாளரானார். தலைவரும் சிறந்தவர், ஆசானும் சிறந்தவர். ஆயினும் 2017இலும் 2018இலும் அணி தன் பிரிவில் கடைசி இடத்தையே பெற்றது.

சுவைஞரின் முதற்கருத்து 2019ஆம் ஆண்டைப் பற்றியது. அவ்வாண்டு ஏலத்தில் ராகுல் சௌத்ரி 94 இலட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். அஜய் தாக்கூரும் மஞ்சீத் சில்லரும் முன்பே அணியில் இருந்தனர். மூவரும் இந்திய அணிக்கு ஆடிப் புகழ் பெற்றவர்கள். தாளில் எழுதிப் பார்த்தால் அதைவிட வலிய அணி அப்பருவத்தில் இல்லை என்று பலரும் கருதினர். முடிவு என்ன? 22 ஆட்டங்களில் 4 வெற்றி, 15 தோல்வி, 3 சமன். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம்.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதற்கு அவர் தரும் விளக்கம் களத்திலிருந்தே பிறக்கிறது. தடுப்பு என்பது தனி ஒருவரின் செயலன்று. மூலையில் நிற்பவர் காலைப் பிடிக்கப் பாய்ந்தால், அடுத்து நிற்பவர் அதே நொடியில் உடலை மறித்தாக வேண்டும். அரை நொடி பிந்தினாலும் பாடி வந்தவர் கோட்டைத் தொட்டுவிடுவார். பாய்ந்தவரும் மறித்தவரும் சேர்ந்தே வெளியேறுவர். ஒருவர் பாயப் போகிறார் என்பதை மற்றவர் அவர் தோள் அசைவிலிருந்தே அறிய வேண்டும். அந்த அறிவு ஏலத்தில் கிடைப்பதில்லை. ஒரே களத்தில் பல நூறு மாலைகள் சேர்ந்து ஆடினால்தான் கிடைக்கும். பெரிய பெயர்களை வரிசையாக அடுக்குவதால் மட்டும் அணி ஆகிவிடாது என்பது அவர் துணிபு. நல்ல சொற்களை அடுக்குவதால் மட்டும் கவிதை ஆகிவிடாது என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கருத்து இதன் மறுபக்கம். 2022ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு அணி வாங்கியது. லீக் வரலாற்றில் அன்றுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு தொகை தரப்பட்டதில்லை. குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமுற்றார். அந்தப் பருவம் முழுவதும் களம் திரும்பவில்லை. அணி முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். தொடக்கத் தோல்விகளுக்குப் பின் பயிற்சியாளரும் மாறி, அஷன் குமார் வந்தார். சாகர் ராதீ என்ற இளந்தடுப்பாளர் தலைமை ஏற்றார். அதுவரை பெயரே கேள்விப்படாத நரேந்தர் என்ற இளைஞர் பாடிப் போனார்; தம் முதல் பருவத்திலேயே 243 புள்ளிகள் எடுத்தார். மறுமூலையில் சாஹில் குலியா நின்றார். அந்த ஆண்டு சென்னையில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எனினும் அணி முதன்முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது. உத்தரப்பிரதேச அணியோடு 36-36 என்று சமன் செய்து, சமன்முறி ஆட்டத்தில் வென்று, அரையிறுதியை அடைந்தது. அங்கே புனேரி பல்தான் அணியிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.

"விலை உயர்ந்த ஆள் விழுந்த பிறகுதான் மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள்" என்று சுவைஞர் அதைச் சுருக்கமாகச் சொல்வார். பவன் மீது அவருக்குக் குறை ஏதுமில்லை. பெரும் வீரர் என்றே போற்றுகிறார். ஒருவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை போன பின்னர், ஒருவரையொருவர் காக்கும் பழக்கம் வந்தது என்பதே அவர் சொல்ல வருவது.

அந்த அரையிறுதியில் வென்ற புனேரி அணியின் கதை அவர் கருத்துக்குத் துணை நிற்கிறது. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் முதலிய இளைஞர்களை அந்த அணி ஏலத்துக்கு ஏலம் கைவிடாமல் வைத்துக்கொண்டது. 2022இல் இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரிடம் தோற்ற பிறகும் அவர்களைக் கலைக்கவில்லை. 2024 மார்ச்சில் ஹரியாணா அணியை 28-25 என்று வென்று கோப்பையை எடுத்தது. இரண்டு புள்ளி இடைவெளியில் நின்ற இரண்டு அணிகளுள் ஒன்று கோப்பையைத் தொட்டது. மற்றொன்று அதே பருவத்தில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது.

இங்கே ஒரு தடை எழக்கூடும். 2023-24 பருவத்திலும் தமிழ் தலைவாஸ் அந்த இளைஞர்களில் பலரை வைத்துக்கொண்டுதானே ஆடியது? பிறகு ஏன் சரிந்தது? சுவைஞர் இத்தடையை மறைப்பதில்லை. நரேந்தரின் பாட்டை மற்ற அணிகள் ஓராண்டுக்குள் கற்றுக்கொண்டன. அவருக்குத் துணையாக இரண்டாவது ஒருவரை உருவாக்கி வைக்கவில்லை என்பது அவர் விடை. ஆளைக் கலைக்காமல் வைத்திருப்பது பாதிப் பணி; இருப்பவரை வளர்ப்பதும் அடுத்தவரை ஆயத்தம் செய்வதும் மீதிப் பாதி. முதற்பாதியை மட்டும் செய்துவிட்டுப் பயன் கிட்டவில்லை என்று மீண்டும் பெரிய விலைக்கே திரும்பியது அணி. 2024இல் சச்சின் தன்வர் 2 கோடியே 15 இலட்சத்துக்கு வந்தார். இடம் மீண்டும் ஒன்பது. 2025இல் அர்ஜுன் தேஷ்வால் ஒரு கோடியே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வந்தார். பவன் ஷெராவத்தும் திரும்பி வந்து தலைவரானார். பருவத்தின் நடுவிலேயே பவன் அணியிலிருந்து விலக்கப்பட்டார். ஒழுங்கு மீறல் என்றது நிர்வாகம். அவர் அதை மறுத்தார். அவ்வாண்டும் முதல் எட்டு இடங்களுக்குள் அணி வரவில்லை. 2017 முதல் 2025 வரை எட்டுப் பருவங்கள். அடுத்த சுற்றுக்குச் சென்றது ஒரே ஒரு முறை.

பயிற்சியாளர் வரிசையும் இதையே காட்டுகிறது. கே. பாஸ்கரன், இ. பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், மீண்டும் உதயகுமாரும் அவரோடு தர்மராஜ் சேரலாதனும், பின்னர் சஞ்சீவ் பாலியான் என்று எட்டுப் பருவங்களுக்குள் ஆசான்கள் மாறிக்கொண்டே இருந்தனர். இரண்டு பருவங்களில் ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றம் நேர்ந்தது. தனித்தனியே பார்த்தால் ஒருவரும் குறைந்தவரல்லர். ஆனால் ஒவ்வோர் ஆசானும் புதிய இலக்கணம் கொண்டு வருகிறார். மாணாக்கர் பழைய இலக்கணத்தை மறந்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

மூன்றாம் கருத்து கூர்மையானது. தவறாகப் புரிந்துகொள்ளவும் எளியது. தமிழின் பெயர் தாங்கிய அணியில் தமிழ்நாட்டு வீரர் முதல் எழுவரில் எத்தனை பேர் நின்றனர்? பல ஆட்டங்களில் விரல் விட்டு எண்ணவும் தேவையில்லாத நிலை. அதே காலத்தில் தமிழ்நாட்டு வீரர் பிற அணிகளில் சிறந்து நின்றனர். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் தலைமை தாங்கிப் பாட்னா அணிக்குக் கோப்பை பெற்றுத் தந்தார். 2022இல் பவன் காயமுற்ற அந்த ஆட்டத்தில் எதிரே நின்ற குஜராத் அணிக்குத் தலைவர் தமிழகத்துச் சந்திரன் ரஞ்சித். 2024இல் புனேரி கோப்பை வென்றபோது அதன் தடுப்பு வரிசையில் நின்றவருள் ஒருவர் அபினேஷ் நடராஜன். விளைச்சல் இல்லாத நிலமல்ல இது. 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அவர் வாழ்வைத் தழுவிய 'பைசன்' திரைப்படம் 2025இல் வெளிவந்தபோது இளைய தலைமுறையும் அவர் பெயரை அறிந்தது.

இதைக் கேட்டு, வடநாட்டு வீரர் வேண்டாம் என்பதே சுவைஞரின் கட்சி என எவரும் முடிவு செய்துவிடலாகாது. அஜய் தாக்கூர் பாடிப் போகும் அழகை இன்றும் அவர் நடித்துக் காட்டுவார். ஹரியாணாவின் மண்ணிலிருந்து வந்த நரேந்தரைத் தம் வீட்டுப் பிள்ளை போலவே பேசுவார். யாதும் தன் ஊரே என்று கருதிய மரபில் வந்தவருக்கு ஆளின் ஊர் ஒரு தடையன்று. அவர் கேட்பது வேறு. அதை விளக்க அவர் கைகாட்டுவது தம் ஊரின் மேற்கே கிடக்கும் ஏரியை.

இராசேந்திர சோழனின் படை வடக்கே சென்று கங்கை நீரைக் கொண்டுவந்தது. அந்த வெற்றியின் நினைவாக மன்னன் இங்கே தலைநகர் அமைத்தான், கோயில் எடுப்பித்தான், சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான். இன்று பொன்னேரி என வழங்கும் அந்த ஏரியை, நீராலாகிய வெற்றித் தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. கல்லால் தூண் நடாமல் நீரால் நட்ட மன்னன் அவன். ஆனால் ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பார் சுவைஞர். கங்கையிலிருந்து வந்தது குடங்களில் அடங்கும் நீர். அது பெருமை தந்தது, பெயர் தந்தது. ஏரியை நிரப்பியதோ கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த நீர். கரை எடுக்காமல், வாய்க்கால் வெட்டாமல், குடத்து நீரை மட்டும் கொண்டுவந்து மண்ணில் ஊற்றியிருந்தால் மறுநாளே வற்றியிருக்கும்.

தமிழ் தலைவாஸ் ஆண்டுதோறும் கங்கை நீரைக் கொண்டுவருகிறது. இரண்டு கோடி, ஒன்றரைக் கோடி என்று குடத்தின் விலையும் ஏறுகிறது. கரை எங்கே? வாய்க்கால் எங்கே? பருவம் முடிந்ததும் நீர் வற்றுகிறது. அடுத்த ஏலத்தில் புதிய குடம் தேட வேண்டியிருக்கிறது. இதுவே அவர் குறையின் சாரம்.

தொழில்முறை விளையாட்டில் வெற்றி ஒன்றே அளவுகோல். வீரன் எந்த ஊரான் என்பது கணக்கில்லை என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்துக்கும் மதிப்புண்டு. ஆனால் வெற்றியே அளவுகோல் என்றால், எட்டுப் பருவங்களில் ஒரு முறை என்ற கணக்கு அவ்வழியைத் தாங்கவில்லை. ஊரோடு ஒட்டி நிற்பதும் வெற்றியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்கர் தமக்கெனக் கொண்ட கால்பந்தாட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் என்றோர் அணி இருக்கிறது. 1919இல் தோன்றியது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் சிறு நகரம் அதன் ஊர். அந்த அணிக்கு முதலாளி என்று தனி ஒருவர் இல்லை; ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்குதாரர்கள். பங்குக்கு ஈவு கிடையாது. அணி ஊரில் நிலைத்திருப்பதே ஈவு. நியூயார்க், சிகாகோ போன்ற மாநகர அணிகளோடு மோதி, அந்தச் சிற்றூர் அணி பதின்மூன்று முறை வாகை சூடியிருக்கிறது. அங்கும் வீரர்கள் நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் கரை ஊராருடையது.

இங்கே கரை எடுக்க மண்ணுக்குப் பஞ்சமில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ். ஒருவர் நகரின் விளிம்பில் அமைந்த குடியிருப்பிலிருந்தும், மற்றவர் கபடிக்கே பெயர்போன சிற்றூரிலிருந்தும் வந்தவர்கள். கொள்ளிடத்து நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏரிக்கு வாய்க்கால் வெட்டுவோர்தாம் வேண்டும்.

பொங்கல் ஆட்டம் ஒன்றில் நன்றாகப் பாடிப் போன பதினேழு வயதுப் பையன் ஒருவன், ஆட்டம் முடிந்து சுவைஞரிடம் கேட்டானாம்: "பெரியப்பா, தலைவாஸுல சேரணும்னா யாரைப் போய்ப் பார்க்கணும்?" ஏலத்தின் விதிகள் அவருக்கு அத்துபடி. எந்த வீரர் எந்த ஆண்டு என்ன விலைக்குப் போனார் என்பதும் மனப்பாடம். அந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. "முதல்ல மூச்சைக் கூட்டு, தம்பி" என்று சொல்லி அனுப்பினார். விடையாகாத விடை அது என்பது அவருக்கும் தெரியும், பையனுக்கும் தெரிந்திருக்கும்.

அவர் வேண்டுவன மூன்று. ஒன்று, ஓர் ஆசானுக்குக் குறைந்தது மூன்று பருவங்கள் தர வேண்டும். இடையில் வரும் தோல்விகளைப் பொறுக்க வேண்டும். இரண்டு, ஏலத்துக்குச் செல்லுமுன் மாவட்டந்தோறும் நடக்கும் பொங்கல், கோயில் திருவிழா ஆட்டங்களுக்கு அணியின் ஆள்கள் வந்து பார்க்க வேண்டும். லீக்கின் விதியிலேயே புதிய இளம் வீரர் என்ற வகை இருக்கிறது, அதைத் தமிழகத்துப் பிள்ளைகளுக்கான வாயிலாக்க வேண்டும். மூன்று, அப்படி எடுத்த பிள்ளைகளைப் பலகையில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பாமல், வடக்கிலிருந்து வரும் பெரியவர்களின் அருகில் நிறுத்திக் கற்பிக்க வேண்டும். கங்கை நீரும் கொள்ளிட நீரும் ஒரே ஏரியில் கலந்தால்தான் அது சோழகங்கம்.

இத்தனை குறை சொல்லியும் அடுத்த பருவம் தொடங்கும் மாலையில் அவர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பார். அணி தோற்றாலும் அதன் பெயரை மாற்றிச் சொல்லமாட்டார். வேறு அணிக்கும் மாறமாட்டார். பெயரில் தமிழ் இருப்பதால் அது தம்முடையது என்று கொள்கிறார். தம்முடையது என்று கொள்வதாலேயே குறை சொல்கிறார். அயலான் வீட்டுக் கூரை ஒழுகினால் எவரும் ஏணி தேடுவதில்லை.

பத்து ஆண்டுகள் இவ்வட்டம் கலையாமல் நின்றிருக்கிறது. பெரும் பெயர்களை விலைக்கு அழைத்து இது வளரவில்லை; மாதந்தோறும் வந்து அமர்ந்தவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் கேட்டு, திருத்தி, பொறுத்து வளர்த்தது. கரை எடுப்பது என்றால் என்ன என்பதை இந்த அவை தன் பட்டறிவால் அறியும். ஆகவே முந்திரித் தோப்புக்காரர் ஒருவரின் வழக்கை இந்த அவையின் முன் வைப்பது பொருத்தமே. புதிதாக எழுத வரும் இளைஞன் ஒருவன் வாயிலில் நின்று, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டால், உள்ளே அழைத்து அமர வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்த வழக்கம் கபடிக் களத்துக்கும் வரவேண்டும் என்பதே அவர் விழைவு.